பிறேமா அக்கா வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தவள்

மாலை ஐந்தே கால் மணி. டிசம்பர் மாதம்... அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. பீலெஃபெல்ட் நகரத்தில் ட்ராம் கடைசியாக நின்று திரும்புகிற இடம் இருக்கிறதல்லவா, அதையும் தாண்டி ஒரு தெரு காட்டுப் பக்கமாக ஏறுகிறது. விளக்குக் கம்பங்கள் பாதி வழியோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஒரேயொரு மாடி வீடு. அந்த வீட்டின் முன்னால் ஒரு வேன் வந்து நின்றது.

நிலக்ஷன், அந்தக் கொத்துரொட்டித் தட்டைக் கீழே வை. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. இது நம்முடைய சுஜீவாவின் மச்சாள் கம்சனாவுக்கு நடந்தது. சுஜீவா கதை கட்டுகிற ஆள் இல்லை. எனக்குச் சொல்லும்போதே அவளுக்கு இரண்டு தடவை ஓங்காளித்தது.

கம்சனா இங்கே ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, மாஸ்டர் பட்டத்துக்கு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்பு என்ன தெரியுமா? அமெரிக்க நாவல்களில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற பெண்கள், அவர்களுக்கு வீடு என்றால் என்ன என்பது. எல்லாரும் அந்தப் பெண்களைப் பைத்தியம் என்கிறார்கள், அப்படியில்லை, கதவைச் சாத்தியவள்தான் ராணி, உலகம் வாசலோடு நிற்க வேண்டியதுதான் என்று நூறு பக்கம் எழுதித் தள்ளியிருந்தாள். ஏன் எழுத மாட்டாள்? இரண்டு அறைக்குள் ஆறு பேராக வளர்ந்தவள். கழிவறைக்குள் போனாலும் யாராவது வந்து தட்டுவார்கள். தனக்கென்று ஓர் அறை, உள்ளிருந்து பூட்ட ஒரு கதவு, அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அந்தக் கிழமைதான் அப்படி ஓர் அறை வாடகைக்குக் கிடைத்து, சாவியைக் கையில் வாங்கியிருந்தாள்.

வேனை ஓட்டி வந்தவர் அலோசியஸ் அண்ணை. இறந்துபோனவர்களின் வீடுகளை வெறுமையாக்கிக் கழுவிக் கொடுப்பது அவர் தொழில். மன்னார் ஆள், அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு அவர் வெறுமையாக்கப் போனது பிறேமா அக்காவின் வீட்டை. பிறேமா அக்கா இருபத்தெட்டு வருஷமாக அந்த மேல்மாடியை விட்டு இறங்கவில்லை. புருஷன் கனடாவுக்குப் போனார், போனவர் போனவர்தான். தமிழ்க் கடைக்காரர் மாதம் ஒருமுறை அரிசியும் எண்ணெயும் வெற்றிலையும் வாசலில் வைத்துவிட்டுப் போவார். தொடக்கத்தில் நம்முடைய பெண்கள் போய்த் தட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். நவம்பரில் அக்கா செத்துப்போனார். பத்தொன்பது நாள் யாருக்கும் தெரியாது. கீழ்வீட்டுக்காரரின் தலைக்கு மேலே கறை ஊறித் துளித்துளியாகச் சொட்டத் தொடங்கிய பிறகுதான் பூட்டை உடைத்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் கம்சனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தில் தேடிய ஆள் இதே ஊரில் இருந்திருக்கிறாளே!

"அண்ணை, நானும் வாறன். என்ர ஆய்வுக்கு உதவும்."

"அது பாக்கிற இடமில்லைப் பிள்ளை."

கேட்டாளா? முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

கதவு திறந்ததும்... நாற்றம். சும்மா நாற்றம் இல்லை. கெட்டுப்போன நல்லெண்ணெய், புளித்த சோறு, அதற்கடியில் இனிப்பாக ஒன்று. அந்த இனிப்புத்தான் தாங்க முடியாதது. தரை காலிலிருந்த சப்பாத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. அடுப்பில் ஒரு பானை. கம்சனா மூடியைத் தூக்கினாள். உள்ளே இருந்த சோறு மெல்ல அசைந்தது. சீ!

தயிர் வாளிகள் நிறைய வெட்டிய நகம். ஜாம் போத்தல்களில் தலைமயிர், சீவியெடுத்துச் சுருட்டிய உருண்டைகள், ஒவ்வொரு போத்தலிலும் அழகான கையெழுத்தில் வருஷம். மெத்தையைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. ஆள் கிடந்த அளவுக்கு ஒரு பள்ளம், அது இன்னும் காயவில்லை, அவ்வளவு போதும். கம்சனா முகமூடிக்குள்ளேயே வாந்தியெடுத்தாள். துடைத்துவிட்டு... கைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள். ஒவ்வொன்றாக. கடைசி அதிகாரத்துக்கு வேண்டுமாம். அலோசியஸ் அண்ணை அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அப்புறம்தான் வாசல் கதவின் உட்புறத்தைப் பார்த்தாள். ஒரு கதிரை கதவோடு ஒட்டிப் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்தால் காது எங்கே வருமோ, அந்த இடத்தில் பலகையில் கறுப்பாக, தடிப்பாக, எண்ணெய் அழுக்கு. ஒரு கன்னத்தின் அளவு. இருபத்தெட்டு வருஷமாக அந்த மனுஷி கதவில் காதை வைத்து, படியில் யாராவது ஏறி வருகிறார்களா என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். ராணியாவது ஒன்றாவது! கம்சனா எழுதிய நூறு பக்கமும் அந்த நிமிஷமே குப்பையாகப் போயிற்று. விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டியது. காற்சட்டையில் தேய்த்தாள்.

வேலை முடிந்தது. அலோசியஸ் அண்ணை வாயைத் திறக்காமல் கையால் மட்டும் 'வா' என்று காட்டிவிட்டுப் படியிறங்கினார். கம்சனா வாசலில் ஒரு கணம் நின்றாள். பாவமாக இருந்தது அவளுக்கு. எங்கே போனாலும் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் வெளிக்கிடக் கூடாது என்று மூன்று வயதிலேயே தாய் ஜெயமலர் குட்டிக் குட்டிப் பழக்கிய பிள்ளை. இருட்டுக்குள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, போய்ட்டு வாறன்."

படியில் அலோசியஸ் அண்ணையின் காலடி நின்றது.

வேனுக்குள் ஏறும்வரைக்கும் அவர் பேசவில்லை. ஏறியதும் வெடித்தார்.

"செத்த வீட்டில ஆராவது சொல்லிப்போட்டு வெளிக்கிடுவினமே? உனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே?"

"இல்லையண்ணை. ஏன், என்ன?"

"வாறன் எண்டு சொன்னா அவை பாத்துக்கொண்டிருப்பினம். நீ போகாட்டி... அவை வருவினம்."

அவள் சிரித்தாள். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தோம் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் சொல்லியிருக்கிறோம்.

நாலாம் நாள் தன் புது அறைக்குக் குடிபோனாள். வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஒரு மேசை. கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டுச் சந்தோஷத்தில் தரையில் படுத்துப் புரண்டாளாம். ஒரு கிழமை ராணிதான்.

பிறகு ஒரு காலை... பல் துலக்கப் போனாள். பிரஷ் ஈரமாக இருந்தது. இரவு பல் துலக்க மறந்து தூங்கியவள், அது காய்ந்து கிடக்க வேண்டும். முகர்ந்து பார்த்தாள். வெற்றிலை. ஐயோ, அந்தப் பிரஷ்ஷைத்தான் இத்தனை நாளாக வாயில் வைத்துக்கொண்டிருந்தேனா என்று நினைத்ததும் அதைக் குப்பைக்குள் எறிந்துவிட்டு உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தாள்.

அடுத்ததாகக் குளியல் தொட்டி அடைத்தது. தண்ணீர் இறங்கவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டு இழுத்தாள். வந்தது... வந்துகொண்டே இருந்தது. முழ நீள மயிர், பாதி நரை, வழுவழுவென்று எண்ணெய். கம்சனாவின் முடி கழுத்தோடு வெட்டிய முடி. எடுத்த பிறகும் கையில் அந்த நாற்றம் போகவில்லை. கெட்டுப்போன நல்லெண்ணெய். புளித்த சோறு. அடியில் அந்த இனிப்பு. சவர்க்காரம் போட்டுத் தோல் சிவக்கும்வரை தேய்த்துப் பார்த்தாள். வீடு முழுக்கப் பினாயில் ஊற்றினாள். பினாயிலுக்கு மேலாலும் மணத்தது.

அலோசியஸ் அண்ணைக்குப் போன் எடுத்து அழுதாள். அவர் கத்தவில்லை.

"நீ சொன்னபடி போவம். உள்ளுக்க போய்க் கொஞ்ச நேரம் நில். பிறகு ஒண்டும் சொல்லாமல் திரும்பிப் பாக்காமல் வா."

திரும்பவும் அதே தெரு. சாவி இன்னும் அவரிடம்தான் இருந்தது. கதவைத் திறந்தார்கள். புதுச் சுண்ணாம்பு, புதுப் பலகைத் தரை, யன்னல் திறந்து குளிர்காற்று அடித்தது. பெயின்ட் மணம் மட்டும். கம்சனா நடு அறையில் போய் நின்றாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஒரு சத்தமில்லை, ஒரு நாற்றமில்லை. பிள்ளைக்கு மூச்சு வந்தது, முகம் மலர்ந்தது. வாசலில் நின்ற அலோசியஸ் அண்ணையின் முகம்தான் செத்துப்போயிருந்தது.

"இஞ்ச ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்றார். "வெளிக்கிட்டிட்டா."

அதற்குப் பிறகு கம்சனாவை யாரும் வெளியில் காணவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது, பதில் இல்லை. பெப்ரவரியோடு தவணை முடிந்தது, ஆய்வைக் கொடுக்கவும் இல்லை. போன் எடுத்தால் 'பிறகு கதைக்கிறன்' என்று வைத்துவிடுவாள். பெற்ற வயிறு கேட்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயமலர் புட்டும் மீன்குழம்பும் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள். பட்டப் பகல், பதினொரு மணி. படியில் ஏறும்போதே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம்.

தட்ட முன்னமே கதவு ஒரு சாண் திறந்தது. இடுக்கில் கம்சனாவின் முகம். மெலிந்து, கண் குழி விழுந்து, கன்னத்தில் ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு.

"என்னடி இது கோலம்? வா வீட்டை போவம்."

"ஏலாது அம்மா." மெதுவாகச் சொன்னாள், உள்ளே யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல. "ஆக்கள் வந்திருக்கினம். விட்டிட்டு என்னெண்டு வாறது?"

"ஆரடி? ஆர் வந்திருக்கினம்?"

பிள்ளையின் கண்ணால் தண்ணீர் வழிந்தது, அவ்வளவுதான். கதவு மேலும் திறந்துவிடாதபடி அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்ததை ஜெயமலர் பார்த்தாள். இரண்டு கையையும் பார்த்தாள். சரி, சாப்பாட்டையாவது வாங்கு என்று பெட்டியை இடுக்குக்குள் நீட்டினாள்.

கீழே, கம்சனாவின் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது.