கரையான்சாவடிக்குப் போன பதக்கம்

அலைகடலுக்கு அஞ்சாத அண்ணலே! ஆவடிக்கு வாய்த்த அருந்துணையே! எரியும் எஞ்சினையும் எரிந்து விழும் மேலதிகாரியையும் ஒரே புன்னகையில் குளிர்விக்கும் குணக்குன்றே! எங்கள் இக்னேஷியஸ் அண்ணனே, வணக்கம்!

இந்தப் பிரிவு மடலில் அடைமொழிகள் இன்னும் ஒரு பக்கம் இருந்தன. முதல் வரிக்கே அண்ணன் நாற்காலியில் நெளிவார் என்று தெரிந்ததால் அடித்துவிட்டோம். இனி அவரைப் பற்றி அவையோருக்குச் சொல்கிறோம். அவர் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

கடற்படையிலிருந்து வந்து எங்கள் எஞ்சின் சோதனைப் பிரிவில் சேர்ந்த நாள்முதல் அதட்டாமல் வேலை வாங்கியவர், அலட்டாமல் வேலை செய்தவர், கேன்டீன் சாம்பாரைக்கூடக் குறை சொல்லாதவர் அண்ணன். அவர் வீரப் பதக்கம் வாங்கியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் எதிரியின் துறைமுகத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பிய ஒரு சிறு போர்ப்படகில் எஞ்சின் அறை அவர் பொறுப்பு. கதை கேட்டால், "கீழே இருந்தவனுக்கு இன்னா தெரியும்? சத்தந்தான் கேட்டுச்சு" என்று மழுப்பிவிடுவார்.

பணி ஓய்வு பெற்று விடைபெறும் நாளிலாவது அண்ணன் பதக்கத்தோடு மேடையேற வேண்டும் என்று ஆசைப்பட்டு, நம் சங்கச் செயலாளர் தங்கவேல் போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி ஆரோக்கியம்மாள் காபி கொடுத்து, "அது இப்போ எங்க ஊட்ல இல்ல நைனா. கஜபதி ஊட்ல கீது" என்றார். தங்கவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ அமுக்கிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார்.

அப்போதுதான் அண்ணன் வாய் திறந்தார். திரும்பும் வழியில் எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய் வெடித்ததாம். எஞ்சின் நின்றால் படகு எதிரியின் கையில். கொதிநீர் பீறிட்ட இடத்தைச் சாக்கால் பொத்தி, இரு கையாலும் இறுக்கிப் பிடித்தவர், உடன் வேலை செய்த இளையவர் கஜபதி. கை வெந்தும் அவர் பிடியை விடாததால்தான் அண்ணனால் கிளாம்ப் மாட்டி முடுக்க முடிந்தது. அறிக்கையில் ஏறியதோ மூத்தவர் பெயர் மட்டும். கஜபதி பெயரையும் சேர்க்கச் சொல்லி அண்ணன் எழுதாத மேலிடம் இல்லை; ஒன்றும் நடக்கவில்லை. இன்று கரையான்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவரோடு, ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று பதக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு மட்டும் வாங்கிக்கினு வாங்கண்ணே" என்று தங்கவேல் கெஞ்சினார்.

"மாட்டேன். இது அவன் மொற. ஒரு நாளாச்சும் அத்தக் குத்திக்கினு நாலு பேர் முன்னால அவன் நிக்கணும். மடல்ல அவன் பேரு வந்தா நானும் வரேன். இல்லேன்னா மாலைய நீங்களே போட்டுக்குங்க."

இத்தனை ஆண்டுகளில் அண்ணன் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. முதல்முறை கேட்டதும் தனக்காக இல்லை. அன்றே இந்த மடலைத் திருத்தி எழுதினோம்.

கண்ணொளி மங்காமல், கைவலிமை குன்றாமல், அண்ணியும் பேரப்பிள்ளைகளும் உடன்வர, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலாற நடந்து நெடுங்காலம் நலமாக வாழ்க எங்கள் அண்ணன்!

கடைசியாக, அவையில் இருக்கும் இன்னொருவருக்கு ஒரு வார்த்தை: விழாவுக்குக் கூப்பிட்டால் கடைசி வரிசையில்தான் உட்காருவீர்கள், பதக்கத்தைத் துண்டால் மூடியிருப்பீர்கள் என்று அண்ணன் முன்பே சொல்லிவிட்டார். அன்று அந்தப் படகைக் கரை சேர்த்த கஜபதி அவர்களே, துண்டை எடுத்துவிட்டு மேடைக்கு வாருங்கள். முதல் மாலை உங்களுக்கு.

அன்பில் கட்டுண்ட,
எஞ்சின் சோதனைப் பிரிவுத் தோழர்கள்,
ஆவடி, 1994