ஒரு கோடு கீழே

கிட்ட வந்து உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே என் பக்கத்தில் உட்கார். நீ கேட்க வந்ததை நானே கதையாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும் எனக்கு. ஆனால் எதையும் விடமாட்டேன். எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் கையைக் காட்டு, நிறுத்துகிறேன். எனக்கும் மூச்சு வாங்குகிறது.

நீ அளக்கிற வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதனால் சங்கத்து வழக்கத்தை முதலிலிருந்தே சொல்கிறேன். ஸ்பீக்கர் செய்கிறவன் தன் பெட்டியைத் தானே புகழ்வான். விளம்பரக்காரன் அவனுக்கு மேல் புகழ்வான். எந்தப் பக்கமும் சாயாமல் அளந்து சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றுதான் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஆனால் அளப்பதற்கு வேண்டிய, எதிரொலி இல்லாத அறை கல்லூரிக்காரர்களுடையது. நமக்கு வருடத்தில் ஒரு வாரம்தான் விடுவார்கள். பன்னிரண்டு பெட்டிகளை அளக்கலாம். வந்து குவிவதோ நாற்பது, ஐம்பது. எந்தப் பன்னிரண்டு?

அதற்குத்தான் திரை. ஆறு பேர் உட்கார்ந்து, திரைக்குப் பின்னால் பாடுகிற பெட்டியைக் கேட்டு மார்க் போடுவார்கள். மேலே வருகிற பன்னிரண்டுதான் அறைக்குப் போகும். யார் செய்தது, என்ன விலை, அவர்களுக்குத் தெரியாது. பின்னால் ஒரே ஒருத்தி. வயரை மாற்றுவாள், எல்லாப் பெட்டியும் ஒரே சத்தத்தில் பாடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துக் குமிழைத் திருகி வைப்பாள், எந்த எண்ணில் வைத்தாள் என்று நோட்டில் எழுதுவாள். முப்பத்தோரு வருடம் அந்த ஒருத்தி நான். ஒரு கம்பெனி அனுப்பிய சுவர்க்கடிகாரத்தை மேல்தாள்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியவள் என்பதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கை சுத்தமானவள் என்று பெயர். இன்றைக்கும் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

என் தம்பியை வரும்போது பார்த்திருப்பாய், உள் அறையில் ஜன்னலோரம் இருக்கிறானே. அவனுக்கு ஆறு வயதில் அம்மா போனாள். எனக்கு அப்போது இருபது. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு வளர்த்தவள் நான். எங்கே போனாலும் கதவையும் மேசையையும் விரலால் தட்டித் தட்டிக் கேட்பான். சங்கத்தில் அவனுக்கு மரங்கொத்தி என்றே பெயர். "மரங்கொத்தி வந்தாச்சு, அலமாரியை மூடுங்கப்பா" என்று கேலி செய்வார்கள். அவன் அதையும் ரசிப்பான்.

முப்பத்து நான்கு வயதில் முதல் பெட்டியைச் செய்தான். சங்கத்துக்கு அனுப்பும்போது தலைவரிடம் நான் மறைக்கவில்லை. "இது என் தம்பி செஞ்சது, நான் குமிழைத் தொடறது முறையா இருக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "திரைக்குப் பின்னால அக்கா ஏது, தம்பி ஏது? உங்களை நம்பாம யாரை நம்புறது?" என்றார்.

அந்த வாரம் சாப்பிடும்போது தம்பி சொன்னான்: "அக்கா, போன வருசம் முதல்ல வந்தவரை அந்தப் பெரிய கம்பெனி கூப்பிட்டுக்கிச்சே, கப்பல் ஏறிப் போனாரே. என் பெட்டியை மட்டும் அளந்துட்டாங்கன்னா நானும் போயிருவேன்." வாய் நிறையச் சோற்றோடு சொன்னான். நான் ரசம் ஊற்றினேன்.

மறுநாள் எல்லாப் பெட்டிகளையும் மீட்டரில் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தேன். அவனுடையதை மட்டும் ஒரு கோடு கீழே விட்டேன். இதில் ஒரு விசித்திரம் உண்டு, உனக்கே தெரியும். இரண்டு பெட்டிகளில் ஒன்று நூலளவு உரக்கப் பாடினால், உரக்கப் பாடுகிறது என்று யாருக்கும் தோன்றாது; நன்றாகப் பாடுகிறது என்றுதான் தோன்றும். நூலளவு தணிந்தது உயிரில்லாததாகப் படும். ஆறு பேரும் நேர்மையாகத்தான் மார்க் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லாதே. காது கூர்மையான தையல்காரர் ஒருவர் இருந்தார். "யாருய்யா இது, போர்வைக்குள்ள படுத்துக்கிட்டுப் பாடுறது?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். அதையே தாளிலும் எழுதினார். தாள் தம்பிக்குப் போனது. முதல் வருடம் அவனும் சிரித்தான்.

வருடத்துக்கு ஒரு பெட்டியாக ஏழு செய்தான். ஏழையும் ஒரு கோடு கீழே விட்டேன். நோட்டில் வைத்த எண்ணை வைத்தபடியே எழுதினேன். பொய் எழுத எனக்கு வராது. கூடுதலாக ஒரு வாரம் அறை கிடைத்ததும் தேறாமல் கிடங்கில் கிடந்தவற்றை எடுத்து அளந்தாயே, அந்த நோட்டில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் அவன் பெட்டிகள் மட்டும் ஒரு கோடு கீழே பாடியது உனக்குத் தெரிந்திருக்கும். அவனுடைய நான்காவது பெட்டியைப் போல ஒன்று இந்தச் சங்கத்துக்கே வந்ததில்லை என்கிறாய். எனக்குத் தெரியும் அம்மா. அளக்காமலே தெரியும்.

ஏழாவது தாள் வந்ததும் தம்பி காது டாக்டரிடம் போனான். கூடப் போனேன். இருபது வயதுப் பையன் காது மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது பாடிக்கொண்டே ஏறினான். "அப்ப தப்பு என்கிட்ட இல்லக்கா. எட்டாவதைப் பாரு" என்றான்.

அதன் பிறகுதான் ரேடியோ. நீ கண்டுபிடிக்காதது இது, நானாகச் சொல்கிறேன். காலைச் செய்தியை வாரத்துக்கு ஒரு மயிரிழை குறைத்து வைத்தேன். என் பேச்சையும் கூடவே தணித்தேன். "சத்தம் கம்மியா இருக்கேக்கா?" என்பான். "எனக்கு நல்லாக் கேக்குதேப்பா" என்பேன். எழுந்து போய்த் திருகுவான். "ஐயோ, காதைப் பிளக்குது" என்று நான் காதைப் பொத்திக்கொள்வேன். எட்டு மாதத்தில் ரேடியோவைத் தொடுவதை விட்டுவிட்டான். "டாக்டர் ஒருத்தர்தானேக்கா. ஆறு பேர் ஏழு வருசமாச் சொன்னாங்களே" என்றான். இழைப்புளியையும் பசை டப்பாக்களையும் பக்கத்துத் தச்சரிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்தான்.

கொஞ்சம் தண்ணீர் குடி. முகம் வாடிவிட்டது உனக்கு.

இப்போது அவனுக்கு அறுபது. ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறான். ஓட்டில் படபடவென்று விழும்போதும் என்னைப் பார்த்து, "மழை பெய்யுதாக்கா?" என்கிறான். கேட்கிறது அவனுக்கு. கேட்டதை நம்புவதில்லை, அவ்வளவுதான். பெய்கிறது என்று சொல்வேன். அதில் நான் ஏமாற்றியதே இல்லை. மூன்று வேளையும் சூடாகப் போடுகிறேன். போர்வை விலகினால் இழுத்து விடுகிறேன். இப்படி ஓர் அக்கா எத்தனை பேருக்கு வாய்க்கும்?

என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னானா என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. இதுவரை யாரும் கேட்டதில்லை. இல்லை அம்மா. அந்தச் சோற்றை விழுங்கிவிட்டு, "நீயும்தான் வர்றே, உனக்கும் சேர்த்துத்தான் வீடு பார்ப்பேன்" என்றான். அங்கே போயிருந்தால் அவன் வீட்டில் நான் இருந்திருப்பேன். இங்கே என் வீட்டில் அவன் இருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறாயா? சொல். நான் வழியை மறிக்கமாட்டேன், அதற்குத் தெம்பும் இல்லை. நீ அளந்த தாளை அவன் கையிலேயே கொடு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்படியாக்கா?" என்பான். என்ன சொல்வதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நல்லா இரு தாயே. உன் வீடு நிறைந்திருக்கட்டும். நீ வளர்த்தவர்கள் யாரும் உன் வாசற்படியைத் தாண்டிப் போகாமல், கடைசிவரைக்கும் உன் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டு உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.