இருபது புள்ளி ஒன்பது

2017 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. கித்வே நகருக்கு மேற்கே உள்ள எங்கள் செம்பு உருக்காலையின் உணவுக்கூடத்தில் மதியம் ஷிமாவும் கோழியும் போட்டார்கள்.

வாரத்தில் ஒரு நாள்தான் கோழி. மற்ற நாட்களில் ஷிமாக் களிக்குத் தொட்டுக்கொள்ள பீன்ஸ், அல்லது கபெந்தா என்கிற பொடிக் கருவாடு. அதனால் வியாழக்கிழமை சங்கு ஊதியதும் ஆலை காலியாகிவிடும். நான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் இருந்த நகாஸ்வே என்ற பெண் எண்ணைச் சரியாகத்தான் படித்தாள். திரையைப் பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு மனிதனைச் சாகவிட்டாள் என்று பிறகு அவள்மேல் குற்றம் சுமத்தினார்கள். அது உண்மையில்லை. திரையில் இருபது புள்ளி ஒன்பது என்று இருந்தது. அவளும் இருபது புள்ளி ஒன்பது என்றே சொன்னாள். இது நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

என் பெயர் கபெம்ப்வா. மூத்த மகன் லோம்பே என்பதால் மரியாதையாகப் பேசுகிறவர்கள் 'பஷி லோம்பே', அதாவது லோம்பேயின் அப்பா, என்பார்கள். ஆலைக்குள் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலையமைப்பு என் பொறுப்பு. பம்பு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, குழாயில் அழுத்தம் எவ்வளவு, ஆட்கள் இறங்கும் குழிகளில் காற்று எப்படி இருக்கிறது, எல்லாம் எண்களாகக் கேபிளில் ஓடிவந்து கட்டுப்பாட்டு அறைத் திரையில் நிற்கும். வழியில் சந்திப்பு மாதிரி சுவிட்ச் பெட்டிகள் இருக்கும். ஒரு செய்தி வந்தால் அது யாருக்கோ அந்தப் பக்கம் திருப்பிவிடுவது அவற்றின் வேலை. எல்லோருக்குமான செய்தி என்றால் எல்லாப் பக்கமும் அனுப்பும்.

அலுவலகத்தில் வலையமைப்பு தாமதமானால் ஒருவர் மின்னஞ்சலுக்காகக் காத்திருப்பார், அவ்வளவுதான். ஆலையில் தாமதம் என்பது வேறு. இதை நான் மேலாளர் சிம்போஸ்யாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். செம்புத் தகடுகள் திருடுபோகின்றன என்று அவர் ஆலை முழுக்கக் கேமராக்கள் வைத்தார். தனிக் கேபிள் போடச் செலவாகும் என்று, காற்றின் எண்கள் ஓடிய அதே கேபிளில் கேமராக்களையும் ஏற்றச் சொன்னார். படம் என்பது பெரிய சுமை. ஒற்றையடிப் பாதையில் லாரிகளை விட்ட மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டையும் பிரிச்சிடலாம், ஐயா."

"இதுவரைக்கும் ஒரு நாளாவது நின்னிருக்கா, பஷி லோம்பே?"

"நிக்கல."

"நின்னா வா. அப்ப பேசலாம்."

நின்றால் வா என்று சொன்னவர் அவர். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுதாக நிற்கவில்லையே தவிர, எண்கள் அவ்வப்போது தடுமாறின. ஓர் எண் வந்து சேரவில்லை என்றால் திரையில் அது சாம்பல் நிறமாகி எச்சரிக்கை ஊதல் ஒலிக்கும். அப்படித்தான் முதலில் அமைத்திருந்தார்கள். கேமராக்கள் வந்த பிறகு ஊதல் ஓயவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் தலைவலி மாத்திரையோடு வேலை பார்த்தார்கள். எதையாவது செய்து அந்தச் சத்தத்தை நிறுத்து என்றார் சிம்போஸ்யா. எண் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணே திரையில் நிற்கட்டும் என்று நான் மாற்றி வைத்தேன். சத்தம் நின்றது. கோளாறைச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்து எல்லோரும் கைகுலுக்கினார்கள். நான் மறுக்கவில்லை. நகாஸ்வே எனக்கு ஒரு ஃபாண்டா வாங்கிக் கொடுத்தாள்.

இனி யோபே ஜேரே. அவன் ஆக்ஸிஜன் ஆலையின் ஃபிட்டர். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து உலைக்குக் கொடுக்கும் இடம் அது. பிரித்தபின் மிஞ்சும் நைட்ரஜனைக் குழாய் வழியே வெளியே விடுவார்கள். அந்தக் குழாய்களின் வால்வுகள் தரைக்குக் கீழே ஒரு குழியில் இருந்தன. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. குழியில் கசிந்து நிறைந்தால், இறங்குகிறவனுக்கு மூச்சு முட்டக்கூடச் செய்யாது. இரண்டு மூச்சு, அவ்வளவுதான். அதனால் இறங்குமுன் வாக்கி-டாக்கியில் கட்டுப்பாட்டு அறையைக் கேட்க வேண்டும் என்பது விதி. நல்ல காற்றில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு இருபது புள்ளி ஒன்பது. வருடம் முழுவதும் திரையில் அந்த எண்தான் அசையாமல் நிற்கும்.

யோபே ங்கோனி இனத்தவன். நான் பெம்பா. எங்கள் முப்பாட்டன்மார் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதற்குப் பிராயச்சித்தமாக, பேரப்பிள்ளைகளான நாங்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்கிறோம். அவர்கள் எலி தின்னிகள், நாங்கள் குரங்கு தின்னிகள். என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. யோபேயும் நானும் பதினோரு வருடமாக ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததே குறைவு.

அந்த வியாழக்கிழமை சங்கு ஊதியதும் சுவிட்ச் பெட்டிகள் இருக்கும் சாதன அறைக்குப் போனேன். முழம் நீளத்தில் ஒரு நீலக் கேபிள் எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகினேன். இவ்வளவுதான் செய்தது. எல்லோருக்குமான செய்தி ஒன்று வந்ததும் சுவிட்ச் அதை ஒரு துளை வழியே அனுப்பும். அது கேபிளில் சுற்றி அடுத்த துளை வழியே திரும்பிவரும். புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி அனுப்பும். சாகாமல் பெருகிக்கொண்டே போகும். கண் மூடித் திறப்பதற்குள் மொத்த வலையமைப்பும் அதில் மூழ்கிவிடும். இயந்திரங்கள் அந்தந்த இடத்துக் கட்டுப்பாட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எண்களும் படங்களும் மட்டும் நின்றுவிடும்.

என் கணக்கு எளிமையானது. சிம்போஸ்யாவின் அறையில் கேமராப் படங்கள் செத்துப்போகும். அவர் ஓடிவருவார். பார்ப்பார், பயப்படுவார், ஒப்புக்கொள்வார். நான் கேபிளை உருவிவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை, எல்லோருக்கும் லாபம்.

அவர் ஓடித்தான் வந்தார், ஒரு கையில் கோழி எலும்போடு.

"என்னப்பா இது? என் ரூம்ல ஒரு படமும் வரல. வாசல்ல லாரி நிக்குது, எவன் எதை ஏத்தறான்னு தெரியல."

"கேபிள் திணறிப்போச்சு, ஐயா. சொல்லிக்கிட்டே இருந்தேனே, அதுதான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒவ்வொண்ணாப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

அவர் கதவில் சாய்ந்து நின்றார். நான் பெட்டிக்குள் கையை விட்டு எதையோ தேடுவதுபோல் இருந்தேன். நீலக் கேபிள் என் மணிக்கட்டில் உரசிக்கொண்டிருந்தது.

"ரெண்டாப் பிரிச்சிட்டா இது வராதுங்கறே?"

"வராது."

"ஹ்ம்." அவர் எலும்பைப் பார்த்தார். "போன வருஷமே கேட்டியோ?"

அப்போதுதான் என் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கியில் யோபேயின் குரல் வந்தது. கோழிக்கு வரிசையில் நிற்பது அவனுக்குப் பிடிக்காது. கூட்டம் கரைந்த பிறகு போகலாம் என்று ஒரு வால்வுக்கு கிரீஸ் வைக்கக் கிளம்பியிருக்கிறான். எனக்கு அது தெரியாது. அந்தக் குரல் வரும்வரை தெரியாது.

"நகாஸ்வே, தாயி, குழியில காத்து எவ்வளவு காட்டுது?"

"இருபது புள்ளி ஒன்பது, அண்ணே. எங்க வீட்டு வாசல் மாதிரி இருக்கு. இறங்குங்க."

"சரி. ஏய் கபெம்ப்வா, கேக்குதா? எனக்கு ஒரு கோழிக்கால் எடுத்து வை. குரங்கு மாதிரி ரெண்டையும் வாயில அடைச்சுக்காத."

நான் கேபிளை உருவியிருந்தால் போதும். எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அடுத்த நொடி உண்மையான எண் திரைக்கு வந்திருக்கும், நகாஸ்வேயே கத்தியிருப்பாள். ஆனால் சிம்போஸ்யா யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சம்மதம் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் படங்கள் திரும்பி வந்தால், பார்த்தாயா, ஒரு நிமிடத்து வேலை, இதற்குப் போய் இவ்வளவு செலவா என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார். மறுபடி என்னால் அதைச் செய்திருக்க முடியாது. தவிர, அந்தக் குழியில் நூற்றில் தொண்ணூற்றொன்பது நாள் காற்று நன்றாகவே இருக்கும்.

என் கைகள் கட்டப்பட்டிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் நான் வாக்கி-டாக்கியை எடுத்தேன். பொத்தானை அழுத்தவும் செய்தேன். இறங்காதே என்று சொல்லத்தான் அழுத்தினேன் என்று நம்புகிறேன். சிம்போஸ்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலி தின்னிக்கு எதுக்குடா கோழி," என்றேன். "குழியில தேடிப் பாரு, கிடைக்கும்."

யோபே சிரித்தான். சிம்போஸ்யாவும் சிரித்தார். சிரித்த மனிதர் இளகிவிடுவார்.

"சரி, போ," என்றார். "அடுத்த மாசம் கையெழுத்துப் போடறேன். முதல்ல இதை ஓடவை."

அவர் திரும்பியதும் கேபிளை உருவினேன். திரையில் இருபது புள்ளி ஒன்பது போய் ஆறு என்று வந்தது. ஊதல் ஆலையெங்கும் கேட்டது. உணவுக்கூடத்திலிருந்து ஆட்கள் ஷிமா ஒட்டிய கையோடு ஓடினார்கள். முகமூடி போட்டவர்கள் யோபேயை மேலே கொண்டுவந்தபோது அவன் கையில் கிரீஸ் டப்பா இருந்தது.

அன்று மாலையே திரையின் அமைப்பைப் பழையபடி மாற்றினேன்: எண் வராவிட்டால் சாம்பல் நிறம், ஊதல். தனிக் கேபிள் வரும்வரை கேமராக்களை நிறுத்திவைத்ததால் வீண் ஊதல் வரவில்லை. அதுதான் பாதுகாப்பு. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

நான் மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். எல்லோர் முன்னாலும் சொன்னேன். சனிக்கிழமை காலை யோபேயின் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கினார்கள். ங்கோனிச் சாவில் பெம்பாக்கள் குழி வெட்ட வேண்டும், கேலி செய்ய வேண்டும், அழுகிறவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும்; அது எங்கள் கடமை. நான் பெண்களின் சித்தெங்கேத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலில் பெட்டிக்குக் குறுக்கே படுத்தேன்.

"இந்த எலி தின்னியைக் கொன்னது நான்தான்," என்று உரக்கச் சொன்னேன். "ஒரு நீல ஒயரு. ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில சொருகினேன். இவன் இறங்கும்போது தெரிஞ்சும் வாயைத் திறக்கல. என்னைத் தாண்டி எடுத்துக்கிட்டுப் போங்க."

கூட்டம் அதிர்ந்து சிரித்தது. யோபேயின் அண்ணன் என்னைக் காலால் தட்டினார்.

"ஒயரு எதுக்குடா? இவன் சைசுக்கு ஒரு எலிப்பொறி வெச்சாலே போதுமே. எழுந்திரு குரங்கே, வழியை விடு."

இரண்டு நாளாக வாய் திறக்காமல் கிடந்த யோபேயின் மனைவி டியோங்கே, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தாள். தோள்கள் குலுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். கேலி உறவுக்காரன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டான் என்று பெரியவர்கள் பாராட்டினார்கள். அடக்கம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, குழி வெட்டியவன் என்று என் தட்டில் ஒரு கோழிக்கால் வைத்தார்கள். சாப்பிட்டேன். வேண்டாம் என்பது அவமதிப்பு.

உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் நம்பவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்?

விசாரணைக்கு முந்தின நாள் நகாஸ்வே சாதன அறைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள்.

"பஷி லோம்பே, நீங்க சொல்லுங்க. என் கண்ணு முன்னால இருபது புள்ளி ஒன்பதுதான் இருந்திச்சு. ஊதல் சத்தமே வரல. ஆனா நேத்து சோதிச்சுப் பாத்தாங்க, கேபிளைப் புடுங்கின உடனே ஊதுது, நிறம் மாறுது. அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் ஊதல?"

"வருஷக்கணக்கா ஒரே நம்பரைப் பாத்தா, அது இல்லாதப்பவும் இருக்கிற மாதிரியே தோணும், தங்கச்சி."

"அப்ப நான் பாக்கலையா?"

"பாத்திருப்பே. பாத்த மாதிரியும் இருந்திருக்கும்."

"ஊதலைக் கூடவா கேக்காம இருந்திருப்பேன்?"

"பசி நேரம். எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

அவள் சுவிட்சில் மின்னும் பச்சை விளக்குகளைப் பார்த்தாள்.

"அப்படித்தான் இருக்கும்," என்றாள். "எங்க அம்மாகூட நான் ஒரு கனவுக்காரின்னு சொல்வாங்க." போகும்போது நன்றியும் சொன்னாள்.

விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: எண் வராவிட்டால் திரை எப்படி நடந்துகொள்ளும்? சாம்பல் நிறமாகும், ஊதும் என்றேன். அன்றைய தேதியில் அது முழு உண்மை. சுவிட்சின் அருகில் ஏதாவது பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நவம்பரில் நகாஸ்வே வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். இப்போது சிசோகோனே சந்தையில் தக்காளி விற்கிறாள். சனிக்கிழமைகளில் அவளிடம்தான் வாங்குகிறேன், பேரம் பேசுவதில்லை. கேமராக்களுக்குத் தனிக் கேபிள் போட்டாகிவிட்டது. புதிய வலையமைப்பு இதுவரை ஒரு நாளும் நின்றதில்லை.