நான்கு புள்ளி நான்கில் நிற்காத பம்பு

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லோரும் என்னை டயரக்கா என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்பது. ரயில் கேட்டைத் தாண்டி இடது பக்கம் மூன்றாவது கட்டடத்தில், கீழே பட்டறை, மேலே வீடு என்று கணவருடன் குடியிருந்து வருகிறேன். இருபத்தாறு வருடமாக டயர் மாற்றுவது, சக்கரத்தின் கோணம் பார்ப்பது, தாழ்வான வண்டியைத் தூக்கிக் கொடுப்பது ஆகிய வேலைகளைச் செய்து வருகிறேன். என் பட்டறையை விட்டுப் போன வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று காவல் ஆய்வாளர் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஓட்டுநர் என் கணவரின் தம்பி, எனக்குக் கொழுந்தன். மருந்து விநியோக அலுவலகத்தில் பதினோரு வருடமாக வண்டி ஓட்டி வருகிறார். தடுப்பூசி மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்து மலையடிவாரத்தில் உள்ள ஆறு சிறிய மருத்துவமனைகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. அதற்காக அலுவலகம் கொடுத்திருப்பது பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்து வந்த வண்டி, ஆனால் வயிறு தாழ்வு. கல்குவாரிப் பாதையில் லாரிகள் போட்ட பள்ளங்களில் அடி தட்டி, ஒரே மாதத்தில் மூன்று நாள் மருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. அதன் பிறகு அலுவலக மேற்பார்வையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்து வண்டியை என் பட்டறைக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தை ஒப்படைத்திருக்கிறேன்.

நான் ஸ்பிரிங்குகளுக்கு மேல் ஸ்பேசர் என்னும் தடித்த வளையங்களை வைத்து வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினேன். பழைய டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் போகும். அதைக் கழற்றிவிட்டு, ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் முப்பத்தொரு சென்டிமீட்டர் போகும் பெரிய டயர் நான்கை மாட்டினேன். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே ஜாக்கியை இறக்கினேன். வண்டி நின்ற நிற்பைப் பார்த்து எனக்கே கர்வமாக இருந்தது. மேற்பார்வையாளர் ஒரு சுற்று சுற்றி வந்து, "டயர் பெருசா இருக்கே, பெட்ரோல் கூடக் குடிக்காதா?" என்று கேட்டார். "என் கை பட்ட வண்டி சார். ஒரு சொட்டு கூடுதலா குடிக்காது" என்று நான் சொன்னேன். கொழுந்தன் அப்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். காரில் உள்ள மீட்டருக்கு அது தெரியாது, பழைய டயர் கணக்கிலேயே காட்டிக்கொண்டிருக்கும். இந்த வண்டி நூற்றுப்பத்து கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் நூறு என்றுதான் காட்டும். அதனால் என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய டயர் மாட்டும் ஒவ்வொருவருக்கும், மீட்டர் நூறு காட்டினால் உண்மையில் ஓடியது எவ்வளவு என்று உள்ளங்கை அகல மஞ்சள் அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். ஒட்டாமல் எந்த வண்டியையும் வாசலைத் தாண்ட விட்டதில்லை. அன்று கொழுந்தன், "மஞ்ச அட்டை எங்க அண்ணி?" என்று கேட்டார். "வீட்டு ஆளுக்கு எதுக்கு தம்பி அட்டை? சாயங்காலம் மேல வா, வாயாலயே சொல்றேன்" என்றேன். சாயங்காலம் அவர் வந்தார். ஊர்க்கதை எல்லாம் பேசினோம். அட்டையை இருவருமே மறந்துவிட்டோம்.

அதன் பிறகு மூன்று மாதம் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. மழையில் பாதை சேறாகி லாரியே சிக்கிக் கிடந்த நாளில், இந்தக் கார் அதைச் சுற்றிப் போய் மருந்தைச் சேர்த்தது. அங்கிருந்த நர்ஸ் அதைப் படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படம் என் பட்டறைச் சுவரில் இருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

மூன்று மாதம் முடிந்ததும் மேற்பார்வையாளர் வண்டியின் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். மீட்டரின்படி ஓடியது நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். போட்ட பெட்ரோல் முந்நூறு லிட்டர். லிட்டருக்கு இருபது என்றால் இருநூற்று நாற்பது லிட்டர் போதும், மீதி அறுபது லிட்டரை ஓட்டுநர் குழாய் போட்டு எடுத்துவிட்டார் என்று புகார் கொடுத்து, அவரை வேலையிலிருந்தும் நிறுத்தி வைத்தார். டயர் மாற்றியது காரணமாக இருக்குமா என்று ஆய்வாளர் கொழுந்தனிடம் கேட்டிருக்கிறார். அதற்கு அவர், "டயர் காரணம் இல்ல சார். ஒரு சொட்டு கூடுதலா குடிக்காதுன்னு அண்ணி சொல்லியிருக்காங்க. அவங்க சொன்னா சொன்னதுதான்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தப்பிக்க இருந்த ஒரே வாசலையும் என் பேச்சை நம்பித் தானே சாத்திக்கொண்டார். நான் காவல் நிலையத்துக்கு வந்த அன்று ஆய்வாளர் இதை எனக்குப் படித்துக் காட்டினார்.

அன்று நிலையத்து முற்றத்தில் அந்தக் கார் நிறுத்தப்பட்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் அட்டை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உடனே ஆய்வாளரிடம் போய், மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, பதிவேட்டில் உள்ள தூரம் தவறு என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கணக்குப் போட்டார். நாலாயிரத்து எண்ணூறு என்பது உண்மையில் ஐயாயிரத்து இருநூற்று எண்பது. அதற்கு இருநூற்று அறுபத்து நான்கு லிட்டர் வேண்டும். "இருபத்து நாலு லிட்டருக்குக் கணக்கு வந்திருச்சு. மீதி முப்பத்தாறு லிட்டர் எங்கம்மா?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும், அதைச் சொல்ல என் பெருமை விடவில்லை.

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். "நீங்க சொந்தக்காரங்க. உங்க கணக்கை எப்படி நம்புறது?" என்றார். "என்னை நம்ப வேண்டாம் சார், ரோட்டோரக் கல்லை நம்புங்க" என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, மேற்பார்வையாளரையும் வரச்சொல்லி, பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பினோம். பம்பு தானாக வெட்டியதும் நிறுத்தினோம். திரும்பி வந்து அதே இடத்தில் அதே சாய்வில் நிற்க வேண்டும் என்பதற்காக நான்கு டயரைச் சுற்றியும் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். கொழுந்தன் நிலையத்து பெஞ்சில் இருந்தார். காவலர் ஒருவர் காரை ஓட்ட, ஆய்வாளர் முன்னால் உட்கார, நான் பின்னால் குளிர்பெட்டிகளுடன் உட்கார்ந்தேன். தினமும் மருந்து போகும் அதே பாதையில் நாற்பத்து நான்காவது கிலோமீட்டர் கல் வரை போய்த் திரும்பினோம். கல் கணக்கில் எண்பத்தெட்டு கிலோமீட்டர். மீட்டர் எண்பது காட்டியது. என் கணக்கு அச்சு அசலாக இருந்ததில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். காவலரும் சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தில், "எண்பத்தெட்டை இருபதால வகுத்துக்கோங்க. நாலு புள்ளி நாலு லிட்டருக்கு மேல ஏறாது" என்று பங்கில் எல்லோரும் கேட்கச் சொன்னேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், என் வாயால் கெட இருந்தது கொழுந்தன். காரைச் சாக்கட்டிக் கோட்டில் நிறுத்தி, பம்பைச் செருகியபோது ஆய்வாளர் என் பக்கத்தில் வந்து, "நீங்க சொன்ன இடத்துல நின்னா, அந்த முப்பத்தாறு லிட்டருக்கு உங்க கொழுந்தன்தான் பதில் சொல்லணும்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எண்கள் ஓடத் தொடங்கிவிட்டன. மூன்று தாண்டியது. நான்கு தாண்டியது. இருபத்தாறு வருடத்தில் என் கணக்கு பொய்யாகப் போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான். நான்கு புள்ளி நான்கும் வந்தது. நிற்கவில்லை. ஓடு, ஓடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரியாக ஐந்து லிட்டரில் பம்பு வெட்டியது.

மீட்டரில் எண்பது கிலோமீட்டர், பெட்ரோல் ஐந்து லிட்டர், ஆக லிட்டருக்குப் பதினாறு. ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்து நாலாயிரத்து எண்ணூறை முந்நூறால் வகுத்தார். அதுவும் பதினாறு. மேற்பார்வையாளர் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெரிய டயர் கனம் அதிகம், அகலம் அதிகம். தூக்கிய வண்டியின் அடியில் காற்று அதிகமாக மோதும். அதைத் தள்ள எஞ்சின் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும், மற்ற வாடிக்கையாளர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். வீட்டு ஆளின் வண்டி, என் வேலையிலேயே நல்ல வேலை என்ற பெருமையில் அன்று சொல்லவில்லை.

அதன் பிறகு, பழைய டயரையே மாட்டிவிடலாமா என்று ஆய்வாளர் மேற்பார்வையாளரிடம் கேட்டார். "வேண்டாம் சார், மருந்து நேரத்துக்குப் போகுது" என்று அவர் சொன்னார். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். நிலையத்துக்கு வந்ததும் கொழுந்தன் பெஞ்சிலிருந்து எழுந்து, "என்ன அண்ணி, ஒரு சொட்டுன்னீங்க?" என்று கேட்டார். "கொஞ்சம் பெரிய சொட்டு தம்பி" என்றேன். அனுமதி பெற்று, ஆய்வாளர் முன்னிலையிலேயே மஞ்சள் அட்டை எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதில் தூரத்துக்குக் கீழே, இந்த வண்டி லிட்டருக்குப் பதினேழரைதான் கொடுக்கும் என்று இன்னொரு வரியும் சேர்த்தேன்.

என் கொழுந்தன் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. அறுபது லிட்டரில் இருபத்து நான்கை மறைத்தது மீட்டர். முப்பத்தாறைக் குடித்தது நான் மாட்டிய டயர். குடிக்காது என்று சொன்னது என் வாய். எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. இதில் முதல் பத்தியில் உள்ள ஒன்றைத் தவிர வேறு எதையும் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதுவும் உண்மைதான்.

(ஒப்பம்)
மஞ்சள் அட்டையில் போடும் அதே கையெழுத்து