ஹில்க்காவின் பூட்ஸில் கிடந்த கடிதங்கள்

நான் சுடும் பன்னை நீங்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், இன்ஸ்பெக்டர் மேடம். லவங்கப்பட்டை போட்டது. திங்கள்கிழமை தவறாமல் ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோவேன். தலைமையாசிரியன் என்றால் ஆசிரியர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா?

ஹில்க்காவைப் போல் ஓர் ஆசிரியை ஃபின்லாந்து முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். பின்னம் சொல்லிக்கொடுக்க என் பன்னைத்தான் வெட்டுவாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கணக்குப் போடுவார்கள். நானும் வாசலில் நின்று சிரிப்பேன்.

நவம்பரில் என் அறைக்கு வந்தாள். "கௌகோ, என்னால முடியல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. டாக்டர் ரெண்டு மாசம் லீவு எழுதிட்டார்."

"தாராளமா எடுத்துக்கோ. பள்ளிக்கூடம் எங்க ஓடிடப் போகுது?"

"உன் வேகாத பன்னுதான் காரணம்னு அவர்கிட்ட சொல்லல. பயப்படாத."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மிகவும் பிடித்தவள், மேடம்.

பள்ளிக்குள் எல்லோரும் காலுறையோடுதான் நடப்போம்; பூட்ஸ் எல்லாம் நடைக்கூடத்தில் வரிசையாக நிற்கும். அன்று அவள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவளுடைய பூட்ஸுக்குள் ஒரு கடிதம் இருந்தது. பச்சைக் கிரயானில், "டீச்சர், நீங்க போயிட்டா நான் பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டேன்."

நான்தான் எழுதினேன், இடது கையால். நன்றாகவே வந்திருந்தது.

லீவுச் சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். முகத்தில் எத்தனை வெளிச்சம்! ஆர்வம் உள்ளவர்களுக்கு ஓய்வு எதற்கு? வாரம் ஒன்று எழுதினேன். அவள் இளைத்தாள், கை நடுங்கியது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் கடிதம் கிடைத்த மறுநாள் பாடிக்கொண்டே வகுப்புக்குப் போவாள்.

பிப்ரவரியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே விழுந்தாள். இதயம். மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை.

பிள்ளைகள் நிஜமாகவே ஏதாவது எழுதினார்களா என்று கேட்டீர்கள். ஒன்றே ஒன்று. அவள் விழுந்ததற்கு முந்தின நாள் என்னுடையதை வைக்கப் போனபோது பூட்ஸுக்குள் கிடந்தது. "டீச்சர், நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. நாங்க சமத்தா இருப்போம்." வகுப்பில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கிழித்துப் போட்டுவிட்டேன். அதைப் படித்திருந்தால், பாவம், அவள் நெஞ்சு தாங்கியிருக்காது.