முன்னால் போகிறவளின் கை

அன்று காலை ஐந்தேகாலுக்கு ராகிக் கஞ்சி குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பந்தய நாளில் அது நல்லதுதான்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், ஓஸ்வால்ட் சார். விசாரிக்கச் சொல்லிப் பந்தயக் குழு உங்களை அனுப்பியிருக்கிறது. உங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. பின்னால் வந்த காரிலிருந்து எடுத்த வீடியோவில் நான் ஏன் திரும்பிப் பார்க்கிறேன்? மமதா விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பியிருந்தால் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அவள் விழுவதற்கு முன்பே திரும்புகிறேன். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவள். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். உடனே பதில் சொல்பவர்களைச் சந்தேகப்படுவேன். யோசித்துச் சொல்பவர்களை இன்னும் அதிகமாக. வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றி வைக்க உனக்குத் தெரியவில்லை என்று என் கணவர் சுப்ரமணியன் சொல்வார். சைக்கிளில் ஏறினால் மட்டும் அது இருக்காது. அதனால்தான் நாற்பதைத் தாண்டிய வயதில் ஓட்டத் தொடங்கினேன். பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து கிளம்பி ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஹொசகோட்டே வரை போவோம், பெண்கள் மட்டும்.

மமதா மர்பி டவுன்காரி. மளிகைக் கிடங்கில் பொருள் எடுத்துக் கட்டும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கியர் இல்லாத கனமான சைக்கிளில் எங்கள் பின்னால் வந்தாள். நாங்கள் வேகம் கூட்டினோம். விடவில்லை. அடுத்த வாரம் என் பழைய ரேஸ் சைக்கிளை அவளுக்குக் கொடுத்தேன். பாராட்டுக்காகச் சொல்லவில்லை. அவள் நன்றாக வரவேண்டும் என்று நினைத்தவள் நான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாலைப் பந்தயத்தில் பின்னால் வருபவர் முன்னவரின் பின் சக்கரத்தை ஒரு சாண் இடைவெளியில் ஒட்டி வருவார். காற்றை முன்னவர் வாங்கிக்கொள்வார். பின்னவருக்கு உழைப்பு மிச்சம். ஆனால் அவருக்குச் சாலை தெரியாது. அதனால் முன்னவர் கை காட்டுவார். குழி வலது பக்கம் என்றால் வலது கை கீழே போகும், பின்னவர் இடது பக்கம் ஒதுங்குவார். நம் ஊர்ச் சாலைகளில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை.

மமதாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிச் சாலையைப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தால் இடைவெளி விழுந்துவிடும்.

"ரோட்டப் பாக்காத. என் கையப் பாரு," என்றேன்.

"நீங்க தப்பாக் காட்டிட்டா என்னக்கா பண்றது?"

"ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம்."

"அப்ப ஒரே ஆஸ்பத்திரி. ஜன்னல் பக்கத்து பெட் எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்."

பல மாதங்கள் பிடித்தது. பிறகு அவள் சாலையைப் பார்ப்பதையே விட்டாள். என் கை அசைந்தால் அவள் சைக்கிள் அசையும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இந்தப் பந்தயம் மூன்று கட்டம். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவர் ஜெயிப்பார். முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி. முதல் நாள் மாலை அது என் தோளில் இருந்தது. மமதா சில நொடிகள் பின்னால், இரண்டாம் இடத்தில். இருவரும் ஒரே அணி. இதுதான் என் கடைசிப் பந்தயம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். முழங்கால் இனி தாங்காது.

இரண்டாம் நாள் நந்தி மலை ஏற்றம். கடைசி வளைவுகளில் என் கால்கள் நின்றுபோயின. மமதா முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். சாலை காலி. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் தோள் தளர்ந்தது. நான் வந்து சேரும்வரை மெதுவாக மிதித்தாள். "வாங்கக்கா, என் வீலப் பிடிங்க," என்று மேலே இழுத்துப் போனாள். முடிவுக் கோட்டுக்கு முன்னால் ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். அணி என்றால் இதுதான் என்று மைக்கில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், ஒரு மணி நேரம்.

கூடாரத்துக்குப் பின்னால் நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். துணிக்கு அந்தப் பக்கம் எங்கள் அணியின் வீணாவும் மமதாவும்.

"ஏய் லூசு, மஞ்சள் ஜெர்சி கையில வந்து விழுந்துச்சு. ஏன்டி விட்ட?"

"விடு வீணா. அக்காவுக்கு இது கடைசி. நமக்கு எவ்ளோ வருஷம் இருக்கு. சும்மா அவங்க மனசு நோகணுமா?"

"தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க."

"இத்தனை நாள் தெரிஞ்சுதா என்ன?"

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பாசமான சிரிப்பு. அதை நான் குறித்துச் சொல்ல வேண்டும்.

இத்தனை நாள். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு வேலையில் செய்வதைச் செய்தேன். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஹொசகோட்டே சுங்கச்சாவடிப் பலகை வரை ஞாயிறுதோறும் ஒரு ஓட்டம் வைப்போம். எப்போதும் நான்தான் முதல். அந்த ஓட்டத்துக்குச் சற்று முன்பு மமதா குனிந்து தண்ணீர்ப் புட்டியை எடுப்பாள். எப்போதும். முடிந்தபிறகு எனக்கு மூச்சு வாங்கும், அவள் பேசிக்கொண்டே வருவாள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததைச் சேர்த்துப் பார்க்கவில்லை. எது நான் ஜெயித்தது, எது அவள் கொடுத்தது என்று பிரிக்க முடியவில்லை. என் கணவர் மாலையில் தொலைபேசியில் வாழ்த்தியபோது அவருக்கும் தெரியுமோ என்று குரலைக் கவனித்தேன்.

அன்று ஆனேக்கல்லில் என் நாத்தனார் ருக்மிணி வீட்டில் தங்கினோம், மமதாவும் நானும். மறுநாள் அங்கிருந்துதான் மூன்றாம் கட்டம். இரவு நல்ல மழை. விடியலில் கஞ்சி கிண்டியது மமதாதான். எனக்கென்று கொஞ்சம் உப்பு அதிகம் போட்டிருந்தாள்.

குடித்துவிட்டுக் கால் தளர்த்த நான் தனியாகத் தளி சாலையில், அன்றைய பந்தயப் பாதையில், போனேன். நீலகிரி மரங்களுக்கு இடையில் ஒரு இறக்கம். இடது ஓரம் தண்ணீர்க் குழாய்க்கு நீளமாகத் தோண்டி மண்ணால் மூடியிருந்தார்கள். மழையில் மண் உள்ளே இறங்கி, பள்ளத்தில் செம்மண் தண்ணீர் சாலை மட்டத்துக்கு நின்றது. பார்க்கிறவர்களுக்கு வெறும் ஈரம். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். முழங்கால் ஆழம்.

உங்கள் தொண்டர்கள் முந்தைய மாலையே சாலையைப் பார்த்து முடித்திருந்தார்கள். அவர்கள்மேல் தவறில்லை. சொல்லலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். சிக்னல் இருந்தது. திரும்பப் பையில் வைத்தேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை.

பந்தயம் தொடங்கும்போது ஊருக்குள் காருக்குப் பின்னால் மெதுவாகத்தான் போவோம். பேருந்து நிலையம் தாண்டி நல்ல தார்ச் சாலை. நான் வலது கையைக் கீழே காட்டினேன். அங்கே எதுவும் இல்லை. மமதா உடனே இடது பக்கம் ஒதுங்கினாள், திரும்ப வந்து ஒட்டிக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. அதை நீங்கள் சோதனை என்று சொல்லலாம். நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

பிறகு, "நாம ரெண்டு பேரும் முன்னாடி போயிடலாம்," என்றேன். "சரிக்கா," என்றாள். கூட்டத்தை விட்டு வெகுதூரம் வந்தோம். வேறு யாருக்கும் அடிபடக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

இறக்கம் வந்தது. நல்ல வேகம். பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே என் சக்கரத்தை விட்டேன். வலது கையை இறக்கிக் காட்டினேன்.

வீடியோவில் அந்தக் கை தெரிகிறது. எல்லோரும் அதை எச்சரிக்கை என்கிறார்கள். நிருபமா கை காட்டியும் அந்தப் பெண் தடுமாறிவிட்டாள் என்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் அந்த இடத்துக்குப் போய், வலது பக்கம் குழியே இல்லை என்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஈரச் சாலையில் மர நிழல் குழிபோலத் தெரிந்தது என்பேன். என் மேசைக்கு வந்திருந்தால் நானே அதை ஏற்றுக்கொண்டிருப்பேன்.

ஜெயிப்பதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் எப்படியும் ஜெயித்திருப்பேன். மூன்றாம் நாளையும் அவள் கொடுத்திருப்பாள். அவள் கொடுப்பதற்கு முன்னால் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தது அதனால்தான். அவள் ஒருமுறையாவது சாலையைப் பார்க்கிறாளா என்று பார்த்தேன். பார்த்திருந்தால் தப்பியிருப்பாள். அந்த வாய்ப்பை நான் கொடுத்தேன் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த கார் அவளுக்காக நின்றது. நான் நிற்கவில்லை. முடிவுக் கோட்டைத் தனியாகத் தாண்டினேன். அதில் யாருடைய தயவும் இல்லை.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. திரும்பும் என்று டாக்டர் சொல்வதில்லை இப்போது. அவள் அம்மா வள்ளியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க கை காட்டினீங்களாமே கண்ணு. இந்தக் கழுத கேட்டாத்தானே," என்றார். நான் கையை எடுக்கவில்லை.

மமதாவுக்கு ஜன்னல் பக்கத்து படுக்கை கிடைத்திருந்தது. அதைச் சொல்லி அவளே சிரித்தாள். பிறகு அம்மா காப்பி வாங்கப் போகும்வரை காத்திருந்து, தலையை என் பக்கம் திருப்பினாள்.

"ராத்திரி பூரா அதையே யோசிக்கிறேங்க்கா. நீங்க சரியாத்தான் காட்டியிருப்பீங்க. நான்தான் பக்கம் மாறிப் போயிட்டேன். இல்லக்கா?"