ஈரத்திலும் ஒட்டும் பசை

"ஹலோ... அக்கா, நான்தான்... இல்லக்கா, அழல. சிரிக்கிறேன்... ஆமா ஆமா, கூட்டம் இன்னும் நடக்குது. பாதியில வெளிய வந்துட்டேன்."

பசைத் தொழிற்சாலையின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள் ஆராய்ச்சிக்காரி. அவளுடைய ஆய்வுக்கூடத்தை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, புதிதாகப் பங்கு வாங்கிய மூன்று நாட்டுக்காரர்கள் உள்ளே கூடியிருந்தார்கள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கேளு. மேஜையில பதிச்ச ஈரத் தகட்டுல பசை தடவிக் காட்டிட்டிருந்தேனா... அமெரிக்காக்காரர், பேச்சு போதும், நானே பாக்குறேன்னு குனிஞ்சார். டை பசையில விழுந்து மேஜையோட ஒட்டிக்கிச்சு... கழுத்துலதான் இருந்துச்சு, வேற எங்க இருக்கும்... திட்டலக்கா. குனிஞ்ச வாக்குலயே, இது எப்போ கடைக்கு வரும்னு கேக்குறார்."

"... ஜெர்மன்காரரா? தராசுக் கொக்கியை டையில மாட்டி, எவ்வளவு இழுத்தா வருதுன்னு அளந்தார். ஒரு தடவை அளந்தா போதாதாம், இன்னும் நாலு டை வேணுமாம்... சத்தியமாக்கா."

"... ஆமா, ஜப்பான்காரரும்தான். அவர் கீழ போய்ப் பசை கலக்குறவங்களைக் கூட்டிட்டு வந்தார். டையை வெட்டலாமா, உங்க அபிப்பிராயம் என்னன்னு ஒவ்வொருத்தரா விசாரிக்கிறார். அதுக்குள்ள அமெரிக்காக்காரர் டை முடிச்சை அவிழ்த்துட்டு நிமிர்ந்துட்டார்... நம்ம முதலாளியா? இப்படி ஒரு பசையை முன்னாடி வேற யாராவது செஞ்சிருக்காங்களான்னு என் காதுல கேட்டார்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"... மூடலக்கா. மூடல. மூணு பேரும் வேணும்னுட்டாங்க. எப்படி நடத்துறதுன்னுதான் இப்ப இழுபறி. ஒருத்தர் உடனே வித்துப் பாக்கணும்ங்கிறார், ஒருத்தர் சோதிச்சு முடிக்காம விக்கக் கூடாதுங்கிறார், ஒருத்தர் முதல்ல எல்லாருக்கும் மனசு ஒத்துப்போகணும்ங்கிறார்... ம்... ம்..."

சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"உன் ஆபீஸ்ல எனக்காகச் சொல்லி வெச்ச வேலைதானே... தெரியும். யார் யார் முன்னாடியோ போய் நின்னே. கோச்சுக்காதேக்கா, வேண்டாம்னு சொல்லிடு... என்னது? இப்பவே போய்ச் சொல்லிடுறியா... நீ ஏன்க்கா அழற? உனக்கும் சந்தோஷந்தானே... சரி சரி, மூக்கைத் துடை."

மேலே கதவு திறந்தது.

"இதோ வரேன் சார்... அக்கா, கூப்பிடுறாங்க. யார் வழியில நடத்தலாம்னு என்னையே சொல்லச் சொல்றாங்களாம்... என்னைத்தான்க்கா. இங்க வந்ததுலேருந்து இதைச் செய், அதைச் செய்னுதான் சொல்லியிருக்காங்க. நீ என்ன நினைக்கிறேன்னு இன்னிக்குத்தான் கேக்குறாங்க... தெரியல, என்ன சொல்லப் போறேன்னு தெரியல. ஆனா நிறைய சொல்லப் போறேன். வெச்சிடுறேன்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.